ஒன்று குறையட்டும்

உன் மழைக்கோட்டு இன்னும் காயவில்லை. குளியலறைக் கம்பியில் தொங்கிக்கொண்டு நிலமெல்லாம் ஈரமாக்குகிறது. நனைந்ததும் அந்தப் பழைய மணம் திரும்ப எழும்பிவிட்டது: புல்லும், நீ முழங்காலுக்குப் பூசும் தைலமும். பத்து வருடம் அலுமாரிக்குள் கிடந்தும் போகவில்லை. நேற்று அதைப் போட்டுக்கொண்டுதான் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் போனேன். அங்கே என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? நீ தமிழ் வாசிக்கமாட்டாய், தெரியும். டேனிஷில் எழுதினால் எனக்குக் கோபம் சரியாக வராது.

நீ டென்மார்க்குக்கு, எங்கள் கோல்டிங் ஊருக்கு வந்தபோது உனக்கு இருபத்தாறு வயது. ஹொலண்டில் ஒரு சின்னத் துறைமுக ஊர். தமையனின் சப்பாத்தைப் போட்டுப் பொடியன்களோடு விளையாடி, பதினேழு வயதில் அதையே தொழிலாக்கி, நான்கு தடவை உன் நாட்டின் செம்மஞ்சள் சட்டையும் போட்டவள். எங்கள் கழகத்தில் இடது பின்காவல் இடம் உன்னுடையது. என் மகள் சிறுமிகள் அணியில் இருந்தாள். பெற்றோர் முறைவைத்துச் செய்யும் துணி துவைக்கும் வேலை என்னிடம் வந்து, பிறகு என்னிடமே தங்கிவிட்டது. புல் கறையைப் போக்க வேறு யாருக்கும் பொறுமை இல்லை. என் தங்கை கூப்பிடுவதைக் கேட்டு நீயும் என்னை "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கினாய்.

அணியின் பொறுப்பாளன் காதில் பேனையைச் செருகிக்கொண்டு திரிவான். "பேனைக்காரன் வாறான்" என்று நீ கண்ணைக் காட்டுவாய். அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்.

அந்த மழை நாளில், இடைவேளையில், காய்ந்த காலுறைகளோடு உடைமாற்றும் அறை வாசலில் நின்றேன். உன் முழங்கால் பலாப்பழம் போல வீங்கியிருந்தது. அவன் உன் முன்னால் நின்று சொன்னான்: "இன்னும் அரைவாசி ஆட்டம்தான். ஊசி போட்டாச்சு. ஓடு." நீ என்னைப் பார்த்தாய். நான் காலுறையை நீட்டினேன். இருபது நிமிடத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த கிழமை பேப்பரில் அவன் சொன்ன ஒரு வரி வந்தது: நீ காயத்தை ஒளித்தாயாம். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. கால் சுகமான பிறகு நீ கேட்டுப் போன கழகங்கள் எல்லாம், வேறு என்ன ஒளிக்கிறாய் என்று கேட்டன. இருபத்தொன்பது வயதில் உன் ஆட்டம் முடிந்தது. நான் வாய் திறக்கவில்லை. என் மகளை அடுத்த அணிக்கு எடுப்பதும் விடுவதும் அவன் கையில் இருந்தது. அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

கழகத்தின் உடுப்புகளை ஒப்படைக்க நீ ஊன்றுகோலோடு வந்தாய். நான் ஒவ்வொன்றாக மேசையில் அடுக்க, அவன் பட்டியலில் சரி போட்டான். சட்டை நான்கு. காலுறை ஆறு சோடி. துவாய் ஒன்று. முகம் துடைக்கும் துவாயையும் விடவில்லை! கடைசியில் மழைக்கோட்டைக் காணோம். "துலைஞ்சு போச்சு" என்றாய். 'ஒப்படைக்கவில்லை' என்று எழுதி, அவனும் கையெழுத்துப் போட்டு, உன்னிடமும் வாங்கினான். ஒரு பிரதி அவனுக்கு, ஒன்று எனக்கு.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கோட்டு என் மகளின் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அவள் நனைந்து நின்ற ஒரு நாள் நீ கழற்றிக் கொடுத்தது. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதான் பொய் சொல்லியிருக்கிறாய். அழுதுகொண்டு ஃபோன் எடுத்தேன். நீ சிரித்தாய். "அக்கா, குடுத்திடாதை. அந்தாளுக்கு ஒண்டு குறையட்டும்."

சித்திரையில், நீ போய்விட்டாய் என்று உன் தமையன் செய்தி அனுப்பினார். புற்றுநோய், மூன்றே மாதம். முப்பத்தொன்பது வயது. பிறகு கழகத்திலிருந்து கடிதம்: உன் நினைவாகக் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைக்கிறார்களாம், என்னையும் வரச் சொன்னார்கள்.

போனேன். உன் படம், பூ, காலியான பெட்டி, பின்னால் உன் பழைய தோழிகள். பேனைக்காரன் நரைத்துவிட்டான். "அவள் எங்கட குடும்பம். அவளின்ர ஒரு பொருளும் எங்களிட்ட இல்லாததுதான் கவலை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். நான் எழுந்து போய் அந்தப் பட்டியலின் என் பிரதியைப் பெட்டிக்குள் வைத்தேன். டேனிஷில் 'நீங்கள்' என்ற மரியாதை இல்லை, எல்லோரும் 'நீ'தான். நேற்று அது எனக்கு நல்ல வசதியாக இருந்தது.

"இருந்தது. எல்லாத்தையும் நீதான் திருப்பி வாங்கினனீ. இது உன்ர கையெழுத்து." சத்தமாக வாசித்தேன். ஆறு சோடி காலுறைக்கு யாரோ சிரித்தார்கள். துவாய்க்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அவன் என் கோட்டைப் பார்த்தான். "இது எங்கட கோட்டெல்லோ?"

"ஓம். அவள் காயத்தை ஒளிச்சவள் எண்டு பேப்பருக்குச் சொன்னனீ. அவள் ஒண்டையும் ஒளிக்கேல்லை. ஊசி போட்டாச்சு, ஓடு எண்டு நீ சொல்லேக்க நான் வாசல்ல நிண்டனான். ஒளிச்சது நான். இந்தக் கோட்டையும், அந்தக் கதையையும்."

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கமாட்டேன். அந்த நேரத்திலும் கையை நீட்டினான்: "அப்ப அதையாவது பெட்டிக்குத் தா."

நான் கோட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தேன். உன் தோழிகள் பட்டியலை உள்ளேயே விட்டுப் பெட்டியைப் பூட்டி, திறப்பையும் கொண்டுபோய்விட்டார்களாம். இரவு மகள் ஃபோனில் சொன்னாள்.

உன் பெயர் நேராகிவிட்டது. பத்து வருடம் முந்தி, நீ கேட்க, அந்த வாசலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டியது. அவனை நான் மன்னிக்கவில்லை, என்னையும்தான். கோட்டுக் காய்ந்தால் நாளைக்கு வேலைக்குப் போட்டுக்கொண்டு போவேன். அந்த ஆளுக்கு ஒன்று குறையட்டும்.