அக்காவின் மதியச் சோறு

அம்மா,

“பிள்ளைகளுக்கு நாங்க பரிசு குடுக்குறோம், டீச்சருக்கு யாருடி குடுப்பா?” என்று அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டாள். தனக்குத்தானே பரிசு வைத்துக்கொண்டால் வேலையில் சலிப்பு வராது என்று ஆசிரியர் பயிற்சியில் சொன்னார்களாம். பூவோ சினிமாவோ வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மதியச் சோற்றையே பரிசாக வைத்துவிட்டாள். பரீட்சைத் தாள் கட்டைத் திருத்தி முடித்தால்தான் சாப்பாடு. கட்டு முடிவதே இல்லை. பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. நேற்று பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மயங்கி என் தோளில் சாய்ந்தாள். உன்னிடம் சொல்லக்கூடாதாம்.

“கணக்குத் தப்பாப் போட்ட பிள்ளைக்குச் சத்துணவு கிடையாதுன்னு சொல்லுவியா?” என்று நேற்று ராத்திரி கேட்டேன்.

“பத்தாவதோட நின்னவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா” என்றாள்.

சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். பத்தாவதோடு நின்றவள் வந்திருக்கிறாள் என்று வாசலில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ரசம் அடுப்பில் இருக்கிறது. கேஸ்காரர் வந்தால் சிலிண்டரை வாங்கி வை.

மாரி

அவளைத் திட்டாதே அம்மா. காலையில், “சாப்பிட்டுட்டுத் திருத்துக்கா” என்று மட்டும்தான் சொல்லி பாக்ஸை நீட்டினேன். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.