வெளிப்பக்கப் பூட்டு

மார்ச் 3
மகனும் மருமகளும் வேலைக்குப் போனார்கள். வெளியே பூட்டுகிற சத்தம். போன மாதம் மாடிப்படியில் விழுந்து கையில் கட்டோடு வந்தேனே, அன்றிலிருந்து இந்தப் பூட்டு. "உன் நல்லதுக்குத்தாம்மா" என்கிறான். கோழியைக் கூடை போட்டுக் கவிழ்க்கிறவளும் அப்படித்தான் சொல்வாள்.

மார்ச் 5
சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சமூகப் பணியாளராம். விழுந்தவர்களை வீட்டுக்கே வந்து விசாரிப்பாளாம். எதிரே குத்துக்கல் மாதிரி நான் உட்கார்ந்திருக்கிறேன். "அம்மா நல்லா சாப்பிடுறாங்களா? தூங்குறாங்களா?" – கேட்டதெல்லாம் மகனிடம். "ராணி மாதிரி வச்சிருக்கோம்" என்றான். தலையாட்டிவிட்டுப் போனாள். கல்யாணத்தன்று நாத்தனார் சொன்ன சொல்லையே மறக்காதவள் நான். இவளை மறப்பேனா?

மார்ச் 8
ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர். வேறொன்றும் இல்லை.

மார்ச் 12
அவளே மறுபடி வந்தாள், மேலதிகாரி அம்மாவோடு. இந்தத் தடவை நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள். "அண்ணா, பாட்டிகிட்ட தனியா பேசணும்" என்றாள்.

"எனக்குத் தெரியாம என்ன இருக்கு?" என்று மகன் குதித்தான்.

"வாங்க தம்பி, நாம வாசல்ல பேசுவோம்" என்று மேலதிகாரி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "போன தடவை நான் ஒருத்தி இருந்தது கண்ணுக்குத் தெரியலையோ?"

"தப்புதான் பாட்டி. 'அந்தப் பாட்டி குரல் எப்படி இருக்கும்?'னு மேடம் கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

இப்படியும் ஒருத்தி கேட்பாளா!

பூட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஐயோ, பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுத்துட்டேனே! கோவத்துல என்னை முதியோர் இல்லத்துல தள்ளிட்டான்னா?

மார்ச் 13
மகன் இன்றும் பூட்டிவிட்டுத்தான் போனான்.

மார்ச் 17
ஆஸ்பத்திரிப் பெண்கள் இரண்டு பேரும் வந்து என்னையும் மகனையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். "உள்ள தீப்பிடிச்சா அவங்க எப்படி வெளிய வருவாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். மகன் அழுதேவிட்டான். "மறுபடி விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?" படிக்குக் கைப்பிடி வைக்கலாமா என்று என்னிடம்தான் கேட்டாள். வைக்கச் சொன்னேன்.

மார்ச் 26
கைப்பிடி வந்துவிட்டது. காலையில் மகன் பூட்டுச் சாவியை என் தலைமாட்டு ஆணியில் மாட்டிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பூட்டாமல் வேலைக்குப் போனான்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். "பாட்டி, நான்தான்." அவள் குரல்தான்.

"நான்தான்னா யாரு?" என்றேன். கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு எழுந்து போய் நானே திறந்தேன்.