லாகூர் பொலிஸ் உடுப்பு

திங்கள், 7 மார்ச் 2011

காலை இரண்டு பாகைக் குளிர். கடை ஹீற்றர் திரும்பவும் வேலைநிறுத்தம். கையுறையோடு ஊசி கோக்க முடியாது. கழற்றினால் விரல் சொல்வழி கேட்காது.

பத்து மணிக்குக் கடைக்குள் ஒரு சென்னைப் பெண். பெயர் நித்யா. ஹிந்திப் படமொன்றின் உடுப்புப் பகுதியில் உதவியாள். பாரிசில் மூன்று வாரம் படப்பிடிப்பாம். பொலிஸ் உடுப்பு வந்த பெட்டி விமான நிலையத்தில் சிக்கிவிட்டதாம்.

"பதினெட்டு செட் அக்கா. சனிக்கிழமைக்குள்ள முடியுமா? டைரக்டர் என்னைக் கொன்னுடுவார்."

முதலாளி ஜெயம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் மெசினைப் பார்த்தேன். ஓம் என்றேன். ரூ பெர்தொனே தெரு முழுக்கத் தையல் கடை இருக்க எங்களிடம் வந்திருக்கிறாள், விடுவதா?

கதையும் சொன்னாள். வெள்ளைக்காரன் காலம், லாகூர். கதாநாயகன் சுதந்திரப் போராட்டக்கார மாணவன். கதாநாயகி பொலிஸ் அதிகாரியின் மகள். ஊர்வலத்தில் அடி விழும்போது அவள் அடிக்கு நடுவால் அவனிடம் ஓடுகிறாள். அவன் பிறகு பாரிசுக்குத் தப்பி வருகிறான். சொல்லும்போதே நித்யாவின் கண் கலங்கியது. நான் கேட்டது, சேட்டுக்கு எத்தனை பொக்கற்.

வாங்க: காக்கித் துணி, பித்தளைப் பொத்தான் (மூன்று பெட்டி), தடித்த நூல், பால், ரமணனுக்கு இருமல் மருந்து.

மாலை தபாலில் தம்பி ரமணனின் அகதி வழக்கு மேல்முறையீட்டுத் திகதி. 14 ஏப்ரல், காலை ஒன்பது. வருசப்பிறப்பன்று. கடிதத்தை அவன் இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பிரிட்ஜுக்கு மேல் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. எப்போது சொன்னான்?

புதன், 9 மார்ச்

பதினொரு சேட் முடிந்தது. முதுகு இரண்டாகப் பிளக்கிறது.

படக் கம்பனியின் தையல் மாஸ்டர் கொடுத்தனுப்பியது ஒரு தாளில் ஒரு படம். முன்பக்கம் மட்டும். தோள்பட்டி எவ்வளவு அகலம், பொக்கற் மூடி எப்படி, ஒரு விவரமும் இல்லை. நான் யோசிக்கவேயில்லை. கை தன்பாட்டில் வெட்டியது. யாழ்ப்பாணத்தில் நான் தையல் பழகிய கடைக்கு எதிரே பொலிஸ் நிலையம். ஐந்து வருடம் அவர்களுடைய சேட்டுத்தான். பொக்கற் நடுவில் மடிப்பு, மூடிக்குக் கூர் முனை, எல்லாம் விரலில் இருக்கிறது. நித்யா வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "செம்ம அக்கா. மாஸ்டர் இவ்ளோ பர்ஃபெக்டா தைக்க மாட்டார்." எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளதைச் சொன்னால் என்ன.

மத்தியானம் ரமணன் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்தான். காக்கிக் குவியலைக் கண்டதும் வாசலில் நின்றுவிட்டான்.

"உள்ளை வாவன்."

"பரவாயில்லை அக்கா. இஞ்சை நிக்கிறன்."

குளிரில் நின்று இருமினான். பெட்டியை நான்தான் போய் வாங்கினேன். இருபத்தாறு வயது, பச்சைக் குழந்தை மாதிரிப் பிடிவாதம். ஏசினேன்.

ஞாயிறு, 13 மார்ச்

லா கூர்னெவ், பாரிஸ் புறநகர். கைவிட்ட தொழிற்சாலை ஒன்றின் மதில்தான் லாகூர். மதிலில் உருதில் எழுதி, இரண்டு ஒட்டகமும் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். லா ஷப்பலில் இருந்து எங்கள் ஆட்கள் அறுபது பேர் லாகூர் சனம். சம்பளம் இல்லை, சாப்பாடும் ஹிந்தி நடிகையை நேரில் பார்க்கிற வாய்ப்பும்தான். அதற்கே பிரியாணிக் கடைக்காரர் இரண்டு பேர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள்.

ரமணனைக் கூட்டத்தில் போட்டிருந்தார்கள். மெல்லிய குர்தாவும் செருப்பும். குளிர் நாலு பாகை. நான் நித்யாவிடம் சொல்லிப் பொலிசுக்கு மாற்றினேன். பொலிசுக்குச் சப்பாத்து, உள்ளே கம்பளி பெனியன். உயரமான ஆள், உடுப்பும் அளவெடுத்தது மாதிரி.

"நான் சனத்துக்கை நிக்கிறன் அக்கா."

"விசர்க்கதை கதையாதை. நெஞ்சுச் சளியோடை வழக்குக்குப் போகப்போறியே?"

போட்டான். நான் சொன்னால் செய்வான். சின்னனில் இருந்து அப்படித்தான்.

நான் உடுப்பு அறையிலேயே இருந்தேன், கிழிந்ததும் பொத்தான் அறுந்ததும் ஓயவில்லை. அடிக்கிற காட்சியை நான் பார்க்கவில்லை. ஒருமுறை டைரக்டர் ஒலிபெருக்கியில் கத்துவது கேட்டது. பிறகு அமைதி. பிறகு திரும்ப எடுத்தார்கள்.

முடிந்து வெளியே வந்தபோது ஜெயம் அண்ணை எல்லாப் பொலிசையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ரமணன் நடுவில். கையில் பொல்லு. சிரித்துக்கொண்டு. எவ்வளவு நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

செவ்வாய், 15 மார்ச்

மழை. ஜெயம் அண்ணை அந்தப் படத்தை முகநூலில் போட்டுவிட்டார். கீழே எழுதியிருப்பது, "எங்கட பெடியள் பொலிசிலை." சினிமா என்றோ ஹிந்தி என்றோ ஒரு சொல் இல்லை.

பஸ்ஸில் வரும்போது கண்டேன். போனின் சின்னத் திரையில் பார்த்தபோதுதான் விளங்கியது. அது லாகூர் பொலிஸ் இல்லை. அது எங்கள் ஊர்ப் பொலிஸ். தோள்பட்டி முதல் பொக்கற் மூடி வரை. நான் தைத்தது.

தம்பியின் வழக்கு என்ன? பொலிஸ் பிடித்தது. பதினொரு நாள் நிலையத்தில் வைத்திருந்தது. அடித்தது.

கடைக்குள் போனதும் அண்ணையிடம் சொன்னேன்.

"உடனை எடுங்கோ அண்ணை."

"ஏன் பிள்ளை, வடிவாத்தானே இருக்கு."

"எடுங்கோ."

எடுத்தார். அதற்குள் பதினேழு பேர் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஒருவர் புறநகர் சார்செலில், ஒருவர் லண்டனில், ஒருவர் யாழ்ப்பாணத்திலேயே. பதினேழு பேருக்கும் எழுதினேன். ஒன்பது பேர் எடுத்தார்கள்.

வெள்ளி, 18 மார்ச்

தம்பியின் வழக்கை நடத்தும் லோயர் அம்மாவிடம் போனேன். தனியாக. படத்தைக் காட்டினேன். அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்கள் நாட்டுப் பொலிசின் படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"இதை யார் தைத்தது?"

"நான்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதிகள் கண்டால் ஒரு கேள்விதான் கேட்பார்களாம்: பிடிபட்டவனா, பிடித்தவனா? படக் கம்பனியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். ஆனால் அது பாதிதானாம். முதல் முடிவில் சொன்ன குறை வேறு. கடந்த வருடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தம்பி சொன்ன பதில் ஒன்றே: "அடிச்சவை." எங்கே, எதனால், எப்படி, ஒன்றும் இல்லை. யாரும் சொல்லக்கூடிய கதை என்று எழுதி நிராகரித்திருக்கிறார்கள்.

"அவர் பேச வேண்டும். பேசாவிட்டால் கடிதம் இருந்தும் பலனில்லை" என்றார்.

மெட்ரோவில் இடம் கிடைத்தும் நின்றபடியே வந்தேன். பயம். நான்தான் தைத்தேன், நான்தான் போடச் சொன்னேன். இதை யாரிடம் சொல்ல?

செவ்வாய், 22 மார்ச்

வெயில். நித்யா கடிதம் கொண்டுவந்தாள். முத்திரையோடு, பிரெஞ்சில். நல்ல பிள்ளை. ரீ குடித்தோம். போகிற நேரத்தில் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தம்பிக்கு என்ன ஆச்சு?"

போனை நீட்டினாள். அவள் எடுத்த வீடியோ. நாற்பது செக்கன்.

ஊர்வலம் கத்துகிறது. பொலிஸ் பொல்லோடு ஓடுகிறது. சப்பாத்துச் சத்தம். கதாநாயகி சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவருகிறாள். முன்வரிசையில் ரமணன். திடீரென்று பொல்லைக் கீழே வைக்கிறான். போடவில்லை, வைக்கிறான். குந்துகிறான். நெற்றியை நிலத்தில் வைக்கிறான். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போகிறது. இரண்டு பெருவிரலையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கிறான். கட்டுவதற்கு வசதியாக.

ஒருவரும் அவனைத் தொடவில்லை. ஒருவரும் குந்தச் சொல்லவில்லை. பொலிஸ் உடுப்பில் இருக்கிறவன் அவன்.

கதாநாயகி காதலனிடம் ஓடுவதை விட்டுவிட்டு இவன் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறாள். தோளில் கை வைக்கிறாள். டைரக்டர் கத்துகிறார். இவன் எழும்பித் தூசியைத் தட்டிச் சிரிக்கிறான். "சறுக்கிப்போச்சு" என்று சொல்வது கேட்கிறது.

அதற்கு ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் அந்தப் படம். எனக்கு நெஞ்சு நிறைந்த சிரிப்பு.

வீடியோவை என் போனுக்கு வாங்கிக்கொண்டேன். இன்று ஒரு பிளவுசும் வெட்டவில்லை.

சனி, 2 ஏப்ரல்

பத்து நாள் வாய் திறக்கவில்லை. இன்று திறந்தேன். அவன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான்.

"தம்பி, அண்டைக்கு ஷூட்டிங்கிலை நடந்ததை நித்யா எடுத்து வைச்சிருக்கிறா."

கத்தி நின்றது.

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"ஓம். லோயர் அம்மாட்டைக் காட்டுவமே? நீ வாயாலை ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"வேண்டாம்."

"ரமணன், பேப்பர் கிடைக்கேல்லையெண்டால் திருப்பி அனுப்புவாங்கள்."

"அனுப்பட்டும். என்னை அப்பிடி ஒருத்தரும் பாக்கக்கூடாது அக்கா. நீங்களும் பாத்திருக்கக்கூடாது."

வெங்காயத்தை முடித்தான். கறியும் வைத்தான். உப்பு அளவாக இருந்தது. இரண்டு பேரும் ரீவியைப் பார்த்தபடி சாப்பிட்டோம்.

வெள்ளி, 8 ஏப்ரல்

லோயர் அம்மா மூன்று மணித்தியாலம் அவனைத் தயார்படுத்தினார். நான் மொழிபெயர்த்தேன். எப்படி அடித்தார்கள்? "அடிச்சவை." கையைக் கட்டினார்களா? "ஞாபகம் இல்லை." யன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். கடைசியில் லோயர் அம்மா பேனையை மூடி வைத்துவிட்டார்.

அவன் கீழே போனதும் நான் கைப்பையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி ஏறினேன்.

வீடியோவைக் கொடுத்துவிட்டேன்.

செத்தாலும் அவன் மன்னிக்கமாட்டான் என்று தெரியும். உயிரோடு இங்கே இருந்து மன்னிக்காமல் இருக்கட்டும்.

வியாழன், 14 ஏப்ரல்

வருசப்பிறப்பு. விடிய ஐந்து மணிக்கு எழும்பித் தலைமுழுகினோம். கைவிசேஷக் காசு கொடுத்தேன், கும்பிட்டு வாங்கினான். அவனுடைய புதுச் சேட்டும் நான் தைத்ததுதான். வெள்ளை.

நீதிமன்றப் பட்டியலில் அவனுடைய பெயர் மூன்றாவது. லோயர் அம்மா கதவை மூடி விசாரிக்கக் கேட்டார். சரியென்றார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். பிளாஸ்ரிக் கதிரை. பக்கத்தில் ஒரு ஆபிரிக்கப் பெண், மடியில் தூங்கும் குழந்தை. எதிரே மணிக்கூடு. முதல் இரண்டு வழக்கும் இருபது நிமிடத்தில் முடிந்தன. இது ஐம்பத்தைந்து நிமிடம்.

முதலில் அவன் வந்தான். முகம் கழுவிய மாதிரி இருந்தது. என்னைத் தாண்டிப் போனான். பின்னாலேயே ஓடினேன். மெட்ரோவுக்குள் அவன் அந்தக் கதவில், நான் இந்தக் கதவில்.

இறங்கியபிறகு கேட்டான்.

"நீங்களோ குடுத்தனீங்கள்?"

"ஓம்."

"நான் வேண்டாமெண்டு சொன்னனான்."

"ஓம்."

அதற்குமேல் கேட்கவில்லை. ஏசியிருக்கலாம். ஒரு சொல்லாவது ஏசியிருக்கலாம்.

வெள்ளி, 15 ஏப்ரல்

லோயர் அம்மா போன். வீடியோவை இரண்டு தரம் போட்டார்களாம். இரண்டாம் தரம் நடுவில் இருந்த நீதிபதி பெருவிரலைப் பற்றிக் கேட்டாராம். ரமணன் பேசத் தொடங்கினானாம். நிறுத்தவில்லையாம். மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்டாராம்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"அக்காவிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்" என்றார்.

கடையிலிருந்து வந்தபோது அவனுடைய பாய் சுருட்டி வைத்திருந்தது. சார்செலில் கூட்டாளி ஒருவனின் அறைக்குப் போயிருக்கிறான். பிரிட்ஜுக்கு மேல் அவன் வைத்திருந்த வீட்டுக் கதவுத் திறப்பு. கடிதம் ஒன்றும் இல்லை.

வியாழன், 5 மே

இன்று நீதிமன்றத்தில் முடிவு ஒட்டுகிற நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடினேன். சுவரில் தாள், தாளில் பெயர்கள். கண்ணுக்கு முன்னால் எழுத்து ஆடியது. விரலை வைத்துத்தான் வாசித்தேன். கொடுத்திருக்கிறார்கள். அகதி அந்தஸ்து. அவனுடைய பெயர், பிறந்த ஊர், நேரே அந்தச் சொல். அழுதேன். வெட்கம் இல்லாமல் அழுதேன், வாசல் காவலாளி கதிரை கொண்டுவந்து போட்டார்.

போன் எடுத்தேன். மூன்று வாரத்தில் முதல் தடவை எடுத்தான்.

"தம்பி, கிடைச்சிட்டுது."

"தெரியும் அக்கா. விடியவே வந்து பாத்திட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

பின்னால் ரயில் அறிவிப்பு.

"பின்னேரம் சாப்பிட வா. நண்டு வாங்கி வைக்கிறன்."

"வேலை இருக்கு."

அவனுக்கு இன்னும் வேலை அனுமதி வரவில்லை. எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். "சரி" என்றேன்.

"அக்கா."

"ஓம் சொல்லு."

"அந்த வீடியோ. உங்கட போனிலை இருந்ததை அழிச்சிட்டியளோ?"

"அண்டைக்கே அழிச்சிட்டன்" என்றேன்.

"நல்லது" என்று வைத்துவிட்டான்.

அழிக்கவில்லை. பதினொரு நாள் அவனுக்கு என்ன நடந்தது என்பதில் எனக்குத் தெரிந்தது அந்த நாற்பது செக்கன் மட்டும்தான்.