பென்சில் படாத முகம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
1934, மாசி மாதம்

சிங்கப்பூரில் இருக்கும் மகன் திருநாவுக்கரசுக்கு அப்பா பிச்சைமுத்து ஆசையோடு எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி ஜெயலெட்சுமியும் சுகம், கறக்கப் போனால் உதைக்கும் செவலைப் பசுவும் சுகம், அங்கே நீயும் உன் சமையலைத் தின்னும் உன் வயிறும் சுகமா.

பெண் வீட்டுக்குக் காட்ட நீ அனுப்பிய போட்டோ வந்தது. பக்கத்துக் கடைக் கமாலுதீன் பார்த்துவிட்டு, யாருலா இது அண்ணே, ராஜபார்ட்டு வேசக்காரனா என்று கேட்டான். அம்மா விரலால் தடவிப் பார்த்து, அம்மை இறங்கி எம்புள்ள பொழச்சதுக்கு அடையாளமே அந்தத் தழும்புதானே, அதப் போயி அழிச்சிட்டானே என்று மூக்கைச் சிந்தினாள். போட்டோக்காரன் கேட்காமல் பென்சிலால் தழும்பைப் பூசி மறைத்திருப்பான் என்று சமாதானம் சொன்னேன், நீதான் பூசச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா.

அதையே எடுத்துக்கொண்டு படகேறி, பெண் வீடு இருக்கும் பாகான் டாலாம் போனேன். பெண் தனலெட்சுமி கதவுக்குப் பின்னால் நின்றபடி, இது அவுங்க இல்ல, தைப்பூசத்தப்போ தண்ணீர்மலை முருகன் கோயில் பந்தல்ல என் தம்பி கேக்க கேக்க சலிக்காம மோர் ஊத்துனவங்க முகத்துல தழும்பு இருந்துச்சு என்றது. அவனேதான் தாயி, படத்தில் பூசிவிட்டார்கள் என்றேன். அப்ப அவுங்க முகம் அவுங்களுக்கே புடிக்கலையா, நாளைக்கு என் முகத்துல எதத் திருத்தச் சொல்லுவாங்களோ என்று கேட்டதே பார். வேண்டாம் என்று சொல்லவில்லை, நிஜப் படத்தைக் கொண்டாங்க, பிறகு சொல்றேன் என்றிருக்கிறது. கெட்டிக்காரப் பெண், விட்டுவிடாதே.

என் மாறுகண்ணைப் பார். உன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தால் அடுத்த வீட்டுக்காரி முறைக்கிறாள், அதற்காகச் சிரிக்காமலா இருக்கிறேன். இந்தக் கண்ணைத்தான் சாமி கொடுத்தது, இதை வைத்துத்தான் உலகத்தைப் பார்க்கிறேன், நன்றாகத்தான் தெரிகிறது. மோர் ஊற்றினபோது நீ தழும்பை நினைத்தா ஊற்றினாய், அன்றைக்கு இருந்த மாதிரி இரு, போதும்.

வேறு படம் எதற்கு, பங்குனியில் கப்பலேறி நீயே வா. மாரியாத்தா துணையிருப்பாள். எண்ணெய் தேய்த்துக் குளி, மறக்காதே. துறைமுகத்தில் நான் நிற்பேன், என் மகன் இறங்கினால் கூட்டிக்கொண்டு நேரே பாகானுக்குப் போவேன். போட்டோவில் இருக்கிறவன் இறங்கினால் எனக்கு ஆள் தெரியாது.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா பிச்சைமுத்து