முன்கூட்டியே சொன்ன நன்றி

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். எட்டு மணிப் பூசை. ஆரம்பிக்குமுன், யார் எதற்காகப் பூசை கொடுத்திருக்கிறார்கள் என்று கருத்துகள் வாசித்தார்கள்: "நோயிலிருந்து குணமடைந்ததற்கு நன்றியாக, அந்தோணி குடும்பத்தார்." என் வீட்டுக்காரர்தான் அந்தோணி. பக்கத்தில் தலையைக் குனிந்து சிரிக்கிறார். ஸ்கேன் எடுப்பதே நாளைக்கு. பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெளியே வந்தால் ஆளாளுக்குக் கைகுலுக்கல். ஜெபக்குழு பிலோமினா அக்கா: "நன்றிய முன்னாடியே சொல்லிட்டா ஆண்டவர் மறுக்கமாட்டாரு, ரீட்டா. அதான் விசுவாசம்." பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

மதியம் ரசம், அப்பளம். இவரோடு பேசவில்லை.

திங்கள்

ஸ்கேன் முடிந்தது. ரிசல்ட் நாளை.

காலை வழக்கம்போல் சின்ன அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மௌன ஜெபம். தியான இல்லத்தில் கற்றது: கேட்காதே, பேசாதே, உள்ளே இறங்கி ஆண்டவரோடு இரு. ஒரு காலத்தில் நிஜமாகவே அங்கே அவர் இருந்தார். இவர் தொண்டையில் கட்டி என்று தெரிந்ததிலிருந்து யாரும் இல்லை. சுவரைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு வெளியே வருகிறேன். இவர் பயப்படக்கூடாதே.

பங்குச் சாமியாரிடம் சொன்னபோது, "வறட்சியும் ஒரு வரம்மா" என்றார். வரமாம். அவர் பங்களாக் குழாயில் ஒரு வாரம் தண்ணீர் வராமல் போகட்டும், அப்போது கேட்கிறேன்.

செவ்வாய்

கட்டி அப்படியே இருக்கிறது. மறுபடி கீமோ. டாக்டர் நல்ல பெண், சுற்றி வளைக்கவில்லை.

அடையாறிலிருந்து ஆட்டோ. லஸ் பக்கம் நகரவே இல்லை. டிரைவர்: "மெட்ரோ வேல நடந்துகினு கீது சார், இன்னா பண்றது." இவர் அவனுக்குப் போய் ஆறுதல் சொல்கிறார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "யாரைக் கேட்டு அந்த நன்றிப் பூசை குடுத்தீங்க? அந்த அக்கா சொன்னாங்கன்னுதானா?"

"அவங்க சொன்னாங்க. ஆனா உன்னை நம்பித்தான் குடுத்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"சொல்லணுமா? தினம் அந்த ரூம்லேர்ந்து எவ்ளோ அமைதியா வர்ற. எனக்காக ஏதோ பதில் கெடைச்சிருக்குன்னு நெனைச்சேன்."

அக்கா மேல், சாமியார் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி என் மேலேயே விழுந்தது. அதைவிட ஆண்டவர் மேல். இத்தனை வருஷம் போய் உட்கார்ந்தேனே. கட்டினவர் கேட்கும்போது கொடுக்க ஒரு சொல் இல்லை.

"அங்க ஒண்ணுமே இல்லைங்க. யாருமே இல்ல. மூஞ்சிய மட்டும் அப்படி வெச்சுக்கிட்டு வரேன்."

இவர் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு பேர் காபியும் ஆறிப்போனது.

புதன்

பால் பாக்கெட் ஒழுகல். பிலோமினா அக்கா போன், இரண்டு தடவை. ஜெபக்குழுவில் எழுந்து, குணமான கதையைச் சாட்சியாகச் சொல்லக் கூப்பிடுவார். எடுக்கவில்லை.

காலையில் நடந்தது. அறைக் கதவைச் சாத்தப் போனால் இவர் தலையணையோடு நிற்கிறார்.

"நானும் வரேன்."

"அதான் சொன்னேனே, அங்க யாரும் இல்லன்னு."

"அதனாலதான். இவ்ளோ நாளா தனியா உக்காந்திருக்கியே."

கொஞ்ச நேரத்தில் குறட்டை. எனக்குக் கோபம் துளியும் குறையவில்லை. எங்கே போனீர், இந்த மனுஷனை விட்டுவிட்டு எங்கே போனீர் என்று வாய்விட்டே கேட்டேன். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். இவர் தலை என் தோளில் இருந்தது.