நூறு ரூபாய் சொன்ன படம்

நுவரெலியா, 18.3.1956

அன்புள்ள பவளக்கொடிக்கு,

நான் சுகம். முசிறியில் வெயில் ஏறிவிட்டதா? உன் இருமல் குறைந்ததா?

நான் போர்டு எழுதும் கடையின் முதலாளி ராசிக் நானா, என் படங்களையும் அங்கே மாட்டியிருக்கிறார். மலைப்பனிக்குள் நீ நடந்து வருவதுபோல் வரைந்ததை நேற்று ஓர் அம்மா விலை கேட்டார். விற்க மனமில்லாமல் நூறு ரூபாய் என்றேன்.

"பேரு தெரியாத ஆளுக்கு நூறா?" என்று நானா சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "எம்மகளும் இப்படித்தான் நடந்து வருவா. இப்ப அவ இல்லங்க" என்று பணத்தை நீட்டினார். மறுக்க முடியவில்லை. படம் பனியோடு பனியாகப் போய்விட்டது.

பணம் அனுப்பியிருக்கிறேன். மறுபடி வரைந்தால் உன் முகம் பாதிதான் வருகிறது. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சிரிக்கச் சொன்னால் சிரிக்காதே, எப்போதும்போல் நில். தபால் போகும் நேரமாயிற்று.

உன்
வேலாயுதம்