கேட்டு வாங்கிய கணக்கு வாத்தியார்

16 ஜூன், திங்கள்

காலையில் போனைத் திறந்தால் முத்தமிழ்செல்வன் சிரிக்கிறான். பி.எட். நண்பர்கள் குழுவில் அவனுடைய படம் வரிசையாக வந்து விழுந்திருந்தது. கழுத்தில் சால்வை, கையில் கேடயம், பின்னால் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர். கீழே எல்லோரும் கைதட்டியிருந்தார்கள். நானும் தட்டிவைத்தேன். தட்டாவிட்டால் மணிவேலுக்கு வயிற்றெரிச்சல் என்பார்கள். வயிற்றெரிச்சல்தான், அதை அவர்களுக்கு எதற்குக் காட்டவேண்டும்?

திருச்சியில் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். என் பாடக்குறிப்பைப் பார்த்து எழுதித்தான் அவன் தேறினான். இன்றைக்கு அவன் பெரம்பலூர் பக்கம் பெயர்பெற்ற தலைமையாசிரியர். போன வருடம் நல்லாசிரியர் விருதும் வாங்கிவிட்டான். நானும் தலைமையாசிரியர்தான். உடையார்பாளையம் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், கணக்கில் கோட்டைவிடும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தேர்ச்சி எண்பத்தொன்று சதவீதம். அதற்கு யார் சால்வை போடுவார்கள்?

பரிமளா படத்தைப் பார்த்துவிட்டு, "அவரு இன்னும் அப்படியே எளமையா இருக்காரு பாருங்களேன்" என்றாள். என் மனைவி எனக்குச் செய்கிற உதவி இது.

19 ஜூன், வியாழன்

எங்கள் கணக்கு டீச்சர் மஞ்சு வந்து நின்றார். சொந்த ஊர் பெரம்பலூர், கைக்குழந்தைக்காரி, மனமொத்த மாறுதலில் ஊருக்கே போகவேண்டுமாம். அங்கிருந்து அதே பாடத்தில் ஒருவர் இங்கே வரச் சம்மதித்தால் இவர் அங்கே போகலாம். இரண்டு தலைமையாசிரியர்களும் தடையில்லை என்று கையெழுத்துப் போடவேண்டும். அவ்வளவுதான்.

"இந்தக் காட்டுக்கு யார் டீச்சர் வருவாங்க?" என்றேன்.

"அறிவழகன் சார் வரேன்னுட்டாரு சார்."

எந்த அறிவழகன்? முத்தமிழ்செல்வனுடைய கணக்கு வாத்தியாரா! அந்த நூறு சதவீதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரே அவர்தானே! மஞ்சு டீச்சர் வெளியே போகிறவரை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். அப்புறம் அறையில் தனியாகச் சிரித்தேன்.

20 ஜூன், வெள்ளி

முத்தமிழ்செல்வனைக் கூப்பிட்டேன். அவன் கெஞ்சுவான், நான் கொஞ்சம் பிகு பண்ணவேண்டும் என்று எண்ணி வைத்திருந்தேன். அவனோ, "தாராளமா எடுத்துக்க மாப்ள. நல்ல வேலக்காரன். ஒனக்குதான் ஒதவும்" என்றான். ஒரு வார்த்தைகூட மல்லுக்கு நிற்கவில்லை.

வீம்பு. உள்ளே வெந்துகொண்டிருப்பான். நன்றாக வேகட்டும்.

மாலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மனசு மாறிவிடப்போகிறானே என்று நானே மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் செய்தேன்.

7 ஜூலை, திங்கள்

அறிவழகன் வந்து சேர்ந்தார். தேய்த்த சட்டை, பணிவு. சாயங்காலம் சிறப்பு வகுப்பு எடுக்கட்டுமா என்று அவராகவே கேட்டார். என் பள்ளியில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

25 ஜூலை, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பு மாதத் தேர்வில் கணக்கில் ஒருவர்கூடத் தவறவில்லை. நண்பர்கள் குழுவில் படம் போட்டேன். முத்தமிழ்செல்வன் மட்டும் கைதட்டவில்லை. ஆகா, ஆகா.

4 ஆகஸ்ட், திங்கள்

இந்த வருட நல்லாசிரியர் விருதுப் பரிந்துரையில் என் பெயர் இருக்கிறது. விருதுக் குழு 14ஆம் தேதி பள்ளியைப் பார்க்க வருகிறது. பரிமளா பட்டு வேட்டியை எடுத்துப் போட்டு மடிப்பைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு எடுத்தது, இடுப்பில் நிற்குமா தெரியவில்லை. முத்தமிழ்செல்வனுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும். யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் நான் சொல்லவைப்பேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

நோட்டை இரண்டு தடவை திறந்து மூடினேன்.

பள்ளி விட்டதும் சத்யா டீச்சர் வந்தார். அறிவியல் எடுப்பவர், ஒன்பதாம் வகுப்புக்குப் பொறுப்பு. கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவருடைய வகுப்பில் ஒரு பிள்ளை நாலைந்து நாளாகச் சிறப்பு வகுப்புக்குப் போகாமல் ஆய்வகத்தில் ஒளிந்துகொள்கிறாளாம். டீச்சர் அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பிள்ளையாகவே சொல்லியிருக்கிறாள். அறிவழகனைப் பற்றி.

அவள் சொன்னதை எழுதமாட்டேன். அவள் பெயரையும் இங்கேகூட எழுதமாட்டேன்.

"போலீசுக்குச் சொல்லணும் சார். நீங்க சொல்லுங்க, இல்லன்னா நான் சொல்றேன். பயிற்சியில சொன்னாங்கல்ல, சந்தேகம் வந்தும் சொல்லாம இருந்தா அதுவே குத்தம்னு."

"தெரியும் டீச்சர். மொதல்ல நாம விசாரிப்போம். எடுத்த எடுப்புல ஒரு மனுசன் வாழ்க்கையில கைவைக்க முடியுமா? வியாழக்கெழம குழு வருது. அது போகட்டும்."

டீச்சர் எழுந்து நின்றார். "அந்தப் புள்ள நாளைக்கும் பள்ளிக்கூடம் வரும் சார்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு முதலில் தோன்றியது என்ன? முத்தமிழ்செல்வன் இதைக் கேட்டால் எப்படிச் சிரிப்பான் என்பதுதான். அந்தப் பிள்ளை இரண்டாவதாகத்தான் வந்தாள். மறைத்து என்ன, இது என் நோட்டுதானே.

13 ஆகஸ்ட், புதன்

காலையில் அறிவழகன் வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். குழு வருகிறது, வகுப்பறைகளைக் கழுவவேண்டும் என்று சாக்குச் சொல்லிச் சிறப்பு வகுப்பை நிறுத்தினேன். "பாடம் பாக்கி இருக்கே சார்" என்று வருத்தப்பட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் முத்தமிழ்செல்வனைக் கூப்பிட்டேன். ஆழம் பார்க்கத்தான். "அறிவழகன் அங்க எப்படிடா இருந்தாரு?"

அவன் மெதுவாக, "அங்கயுமா?" என்றான்.

அங்கயுமா. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் வந்துவிட்டது.

போன வருடம் அவன் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அம்மா வந்து அழுதிருக்கிறாள். இவன் சமாதானம் பேசியிருக்கிறான். பரீட்சைக்கு முன்னாலேயே அந்தப் பிள்ளைக்கு டீசி. பள்ளி திறந்ததும் வாத்தியாருக்கு மாறுதல். "யாரு பேரும் கெடாம முடிச்சேன்டா. நீயும் சத்தம் போடாத மாப்ள. வருசக் கடைசியில ஒரு மாறுதலப் போட்டுவிடு, எங்கயாச்சும் போயிக்கட்டும்."

அப்படியானால் அந்த நூறு சதவீதத்தில் அவள் இல்லை. பரீட்சையே எழுதாதவளை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

போனை வைத்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். உண்மையைத்தான் எழுதுகிறேன். மாட்டினான்! இத்தனை வருடம் கழித்து மாட்டினான்! சால்வையும் கேடயமும் இதற்குத்தானா என்று கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தேன். தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் உறைத்தது. அந்த ஆளை என் பள்ளிக்குள் கொண்டுவந்தது யார்?

நான்தான். கேட்டு வாங்குனேன். அவன் வெளியில தள்ளிவிட்டத, நான் தட்டிப் பறிச்சுட்டேன்னு நெனச்சுச் சிரிச்சேன். ஆபீசுக்கு ரெண்டு தடவ போன் போட்டு அவசரப்படுத்துனேன். ஐயோ, அந்தப் புள்ள.

14 ஆகஸ்ட், வியாழன்

விடிந்ததும் சத்யா டீச்சருக்குப் போன் செய்தேன். கிளம்புங்கள், மகளிர் காவல் நிலையத்துக்குப் போவோம் என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நான் நேத்தே கொழந்தைங்க உதவி நம்பர் 1098க்குச் சொல்லிட்டேன் சார். நீங்க வியாழக்கெழமன்னீங்க. என்னால இருக்க முடியல."

அவர்மேல் கோபம் வந்தது. நான் செய்யவேண்டியதை முந்திக்கொண்டு செய்துவிட்டாரே என்ற கோபம். இது என்ன புத்தி!

இருந்தாலும் போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா உட்காரச் சொன்னார். விசாரித்துக்கொண்டிருந்தேன், உறுதியானதும் சொல்லலாம் என்றிருந்தேன் என்று இழுத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "விசாரிக்கிறது எங்க வேல சார். சந்தேகம் வந்தா எங்ககிட்ட சொல்லணும், அதுதான் உங்க வேல. எப்போ தெரிஞ்சுது, என்னென்ன தெரியும், எல்லாத்தையும் யோசிச்சு சனிக்கெழம வந்து சொல்லுங்க."

மதியம் அறிவழகனை அழைத்துப்போனார்கள். விருதுக் குழு வரவில்லை.

பெரம்பலூர்ப் பிள்ளையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை?

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடியேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். முத்தமிழ்செல்வன் கூப்பிட்டான். அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"என்கிட்ட பேசுனத மட்டும் சொல்லிடாத மணிவேலு. புதன்கெழம நாம பேசுனோம்னு சொன்னா, புதன்கெழமையே ஒனக்குத் தெரியும்னு ஆயிடும். பொறுப்புல இருக்கறவன் தெரிஞ்சும் சொல்லலன்னா அவன்மேலயும் கேசு. என்ன இழுத்தா நீயும் விழுவ. வியாழக்கெழம காலையிலதான் தெரிஞ்சுதுன்னு சொல்லிடு. ஒன் டீச்சர் ஒன்ன மீறியா பேசிடப்போவுது?"

சரியாகத்தான் சொல்கிறான். அவன் எப்போதும் விவரமானவன். நான் பேசாமல் இருந்தால் என் வேலை பிழைக்கும். அவனும் பிழைப்பான். பெரம்பலூரில் அந்தப் பிள்ளை ஒருத்தி இருந்தாள் என்பதே போலீசுக்குத் தெரியாது. அவளுடைய அம்மா இனி எங்கேயும் போய் அழமாட்டாள். ஒரு தடவை அழுது பார்த்துவிட்டாளே.

பரிமளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "அவர மாட்டிவிடணும்னு சொல்லப்போறீங்களா, அந்தப் புள்ளைக்காகச் சொல்லப்போறீங்களா?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அவன் முகத்தில் கரி பூசவேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த ஆசையோடு போய்ச் சொல்வது சரியா?

"எதுக்கா இருந்தா என்னங்க? அந்தப் புள்ளைக்கு அதெல்லாம் தெரியவா போவுது?" என்றாள். கீரையை அலசப் போய்விட்டாள்.

16 ஆகஸ்ட், சனி

சொல்லிவிட்டேன். பெரம்பலூர்ப் பிள்ளை, டீசி, மாறுதல், புதன்கிழமைப் பேச்சு, எல்லாம். எனக்கு முதலில் தெரிந்தது எப்போது என்று கேட்டார். செவ்வாய் சாயங்காலம் என்றேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "செவ்வாயா? எழுதிக்கலாமா சார்?"

"எழுதிக்குங்க."

வெளியே வந்தபோது ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. பசித்தது. எதிர்க்கடையில் நின்று இரண்டு வடை தின்றேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

பெரம்பலூர்ப் பிள்ளை வீட்டுக்கே போய்ப் பேசியிருக்கிறார்கள். பெண் அதிகாரி ஒருவர் சீருடை இல்லாமல் போனாராம். பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முத்தமிழ்செல்வன்மேல் வழக்கு. நண்பர்கள் குழுவில் ஒருவர் விடாமல் அவனைத் திட்டுகிறார்கள். கைதட்டியவர்கள்தான். எனக்கும் ஒரு வரி போடக் கை துறுதுறுத்தது. போடவில்லை. நான் எந்த யோக்கியதையில் போடுவது?

28 ஆகஸ்ட், வியாழன்

எனக்கும் வந்துவிட்டது. தகவல் தெரிந்தும் உடனே தெரிவிக்காததற்காக, விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம். வழக்கிலும் பெயர் சேரலாம் என்கிறார்கள்.

சாவிகளைச் சத்யா டீச்சரிடம் ஒப்படைத்தேன். பணியில் மூத்தவர் அவர்தான், இனி அவர் பொறுப்பில் பள்ளி. நான் இருக்கும்வரை அந்த நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். "உக்காருங்க டீச்சர்" என்றேன். "நீங்க போங்க சார், நான் அப்புறம் உக்காந்துக்கறேன்" என்றார்.

மரியாதைதான். ஆனாலும் உறுத்தியது. பிள்ளைகள் அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்னைக் கடந்து போனாள். தலையைக் குனிந்துகொண்டாள். பத்தடி தள்ளி டீச்சரிடம் போய் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

5 செப்டம்பர், வெள்ளி

ஆசிரியர் தினம். விருது ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர் ஒருவருக்கு. யாராக இருந்தால் என்ன.

15 செப்டம்பர், திங்கள்

சத்யா டீச்சர் போன் செய்தார். விளையாட்டுச் சாமான் அறைச் சாவி எது என்று கேட்டார். மஞ்சள் கயிறு கட்டியது என்றேன். அப்புறம் தயங்கினார்.

"சார், அந்தப் பெரம்பலூர்ப் புள்ள அவங்க அம்மாவோட வந்துருக்கு. அதோட சித்தி வூடு இங்கதான் பக்கத்துல. பழைய பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேங்குது. இங்க பத்தாவது சேரணும்னு கேக்குது."

நடுவருடத்தில் சேர்க்க என்னென்ன வேண்டும், யாரிடம் அனுமதி கேட்கவேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. "சேத்துக்குங்க டீச்சர். யோசிக்காதீங்க. அனுமதிக்கு என்ன எழுதணும்னு நான் சொல்றேன், பேனா எடுங்க."

"காலையிலயே பேசி அனுமதி வாங்கிட்டேன் சார். கிளாஸ்ல உக்கார வெச்சுட்டேன். தமிழ்ப் பாடம் நடக்குது."

"அப்புறம் எதுக்கு டீச்சர் எனக்குப் போன்?"

"அந்த அம்மா கேட்டாங்க, எங்களப் பத்திப் போலீசுல யாரு சொன்னதுன்னு. எங்க ஹெச்எம் சார்னு சொன்னேன். அத உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு சார்."

சரி என்றேன். மணி அடித்தது, அவர் வகுப்புக்குப் போகவேண்டும் என்று வைத்துவிட்டார்.

பரிமளா காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போகும்வரை எடுக்கவில்லை. அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைப்பது எப்படியிருந்திருக்கும்? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்திருப்பாள். எந்த பெஞ்சு என்று கேட்டிருப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நான் போய்ச் சொல்லியிருந்தால் இன்றைக்கு அந்த அறையில் நான்தான் இருந்திருப்பேன்.

சத்யா டீச்சர்மேல் பொறாமையாக இருக்கிறது.